தோளில் ஒரு வெட்டு

பிப்ரவரி 9

அப்பா ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. நானும்.

பிப்ரவரி 10

வலது கை அசையவில்லை, பேச்சும் வரவில்லை. பொறுத்துத்தான் பார்க்கணும் என்கிறார் டாக்டர். பக்கத்துப் படுக்கைக்காரரின் பேரன் சே குவேரா பனியன் போட்டு வந்திருந்தான். அவன் போன பிறகும் அப்பா கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். கொழிஞ்சாம்பாறையில் அந்த முகத்தை எத்தனை சுவரில் போட்டிருப்பார்! 87 தேர்தலுக்கு அட்டையில் வெட்டிய ஸ்டென்சில் இன்னும் அட்டாலியில் இருக்கிறது. எதைப் பார்த்து வெட்டினார் என்று ஒரு தடவைகூட நான் கேட்டதில்லை.

பிப்ரவரி 12

வராந்தாவில் உட்கார்ந்து விடிய விடியப் போனில் தேடினேன். 1960 மார்ச் 4, ஹவானா துறைமுகத்தில் பெல்ஜியத்து ஆயுதங்களோடு நின்ற லா கூப்ர என்ற பிரெஞ்சுக் கப்பல் வெடித்தது. மறுநாள் செத்தவர்களுக்கான அஞ்சலிக் கூட்டம். மேடையில் ஃபிடல் பேசிக்கொண்டிருக்க, சே கொஞ்ச நேரம் மட்டும் முன்னால் வந்து நிற்கிறார், கீழே லைகா கேமராவோடு நின்ற ஆல்பெர்ட்டோ கோர்டா இரண்டே தடவை அழுத்துகிறார். ஒன்று படுக்கை வாக்கில், ஒன்று நெடுக்கில். நெடுக்கில் எடுத்ததில் தோளுக்கு மேல் யாரோ ஒருவரின் தலை வந்துவிட்டது. படுக்கை வாக்கில் எடுத்ததுதான் உலகம் பார்த்தது, அதிலும் ஒரு ஓரம் ஒரு ஆளின் பக்கவாட்டு முகம், மறு ஓரம் பனை ஓலை. இரண்டையும் வெட்டி எறிந்த பிறகுதான் நாம் பார்க்கிற சே. கோர்டா வேலை பார்த்த பத்திரிகை அதை அன்றைக்குப் போடவே இல்லை, அவர் தன் ஸ்டுடியோ சுவரில் மாட்டி வைத்துக்கொண்டார்.

அது சாவு வீட்டு முகம். எனக்கு இத்தனை வருஷமும் அது கோபம் என்றுதான் தோன்றியது.

பிப்ரவரி 13

மூக்கு வழியாகக் கஞ்சி. அரை டம்ளர்.

பிப்ரவரி 15

கிடைத்துவிட்டது. அப்பாவின் அட்டையில் சேயின் தோளோரம் ஒரு சின்ன வெட்டு உண்டு, பத்து வயசில் நான் கேட்டதற்கு "அதுல இருந்துச்சு கண்ணு, வெட்டினேன்" என்றார். அது ஜிம் ஃபிட்ஸ்பேட்ரிக்கின் எஃப்! 1968இல் சிவப்பு கறுப்பு போஸ்டர் வரைந்த அயர்லாந்துக்காரர், தன் பெயரின் முதல் எழுத்தை அந்தத் தோளில் வைத்தவர். கண்ணைக் கொஞ்சம் மேலே தூக்கி வரைந்ததும் அவர்தான். நம்ம ஊர்ச் சுவரில் சே வானத்தைப் பார்ப்பது அதனால்தான். அப்படியென்றால் அப்பா கோர்டாவின் போட்டோவைப் பார்த்தே இருக்க மாட்டார்.

1967இல் இத்தாலிப் பதிப்பாளர் ஃபெல்ட்ரினெல்லிக்குக் கோர்டா இரண்டு பிரிண்ட் சும்மாவே கொடுத்திருக்கிறார். அந்த அக்டோபரில் சே பொலிவியாவில் கொல்லப்பட்டதும் போஸ்டர் பறந்தது, கோர்டாவுக்குக் காசு வரவில்லை. 2000இல் வோட்கா விளம்பரத்தில் அந்தப் படத்தைப் போட்டபோதுதான் வழக்குப் போட்டார், கிடைத்த 50,000 டாலரையும் கியூபாவின் மருத்துவத்துக்கே கொடுத்துவிட்டார். அதைப் படித்ததும் அழுகை வந்துவிட்டது. அப்பாவும் சேவுக்கு மட்டும் கூலி வாங்கியதில்லை, எழுத்துக்குத்தான் வாங்குவார்.

பிப்ரவரி 16

வெட்டாத முழு போட்டோவைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். இடது கையைத் தூக்கி விரலை வைத்தார், சே மேல் இல்லை, பனை ஓலை மேல். இரண்டு தடவை வைத்தார். "நம்ம ஊர் மாதிரி இருக்கா அப்பா?" என்றேன். கண்ணை மூடிக்கொண்டார். வேறு ஏதோ சொல்ல வந்திருக்கிறார், நான்தான் முந்திரிக்கொட்டை மாதிரி முந்திக்கொண்டு பேசிவிட்டேன்.

பிப்ரவரி 18

காய்ச்சல் 102. போனைத் தொடவில்லை.

பிப்ரவரி 19

காய்ச்சல் இறங்கியிருக்கிறது. ராத்திரி டியூட்டி சேச்சியிடம் சொல்லிவிட்டேன், அத்தையும் வந்தாச்சு. உக்கடத்தில் வேலந்தாவளம் பஸ் பிடித்தால் ஒன்பதுக்குள் வீட்டில் இருப்பேன். அட்டையை எடுத்துக்கொண்டு காலையில் முதல் பஸ்ஸுக்கே திரும்பணும். அதை அவர் இடது கையில் கொடுக்கணும். கரையான் அரிக்காமல் இருக்கணும்