கலத்தியா ஆறு ஒருவழியாகக் கடலில் சேர்ந்தது

நில உயரத் தரவை வைத்துக் கணினியில் போடும் கிரேட் நிக்கோபார் நீரோட்ட வரைபடத்தில் கலத்தியா ஆறு நேற்று ராத்திரி எங்கேயும் அறுபடாமல் கலத்தியா விரிகுடா வரை போய்விட்டது! நடுக்காட்டில் இல்லாத ஏரிகளாக நின்று பாடாய்ப் படுத்திய நீலத் திட்டுகள் ஒழிந்தன.

இந்தத் தீவுக்கு எஸ்ஆர்டிஎம் (விண்வெளி ஓடத்து ரேடார் எடுத்த நில உயர) தரவை எடுக்காதீர்கள். அது 2000 பிப்ரவரி அளவீடு. 2004 நிலநடுக்கத்தில் தீவின் தென்கோடியான இந்திரா முனைப் பக்கம் சுமார் 4 மீட்டர் தாழ்ந்துவிட்டது. அந்தப் பழைய கரையே இப்போது இல்லை. ஐரோப்பாவின் கோப்பர்நிக்கஸ் உயரத் தரவுக்கு (30 மீட்டர் பக்கமுள்ள கட்டங்கள்) அடிப்படை 2011 முதல் 2015 வரை எடுத்த அளவீடு.

ஆனால் காடு விடுவதில்லை. ரேடாருக்குப் பெரும்பாலும் தெரிவது மரத்தலை, தரை அல்ல. ஓடை குறுகி, மேலே கிளை மூடிய இடத்தில் ஒரு கட்டம் உயர்ந்து நிற்கும். கணக்கில் அது அணை. பள்ளம் நிரப்பும் கட்டளையைக் கொடுத்தால் அதற்குப் பின்னால் உள்ள பள்ளத்தாக்கு முழுவதையும் அந்த உயரத்துக்கு ஏற்றிவிடும். அதன்மேல் ஓடைகள் ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி இணைகோடுகளாக ஓடும். பார்க்கவே சகிக்காது. கண்மாய்க்காரர்களுக்குச் சட்டென்று விளங்கும்: கலுங்கு வழியும்வரை தண்ணீரை ஏற்றுவது ஒன்று, கரையை வெட்டிவிடுவது இன்னொன்று. வைட்பாக்ஸ் என்ற நிலப்பரப்புக் கணக்கு மென்பொருளில் இரண்டாவதைச் செய்யும் கருவி இருக்கிறது. சூட்சுமமெல்லாம் தேடல் தூரத்தில்தான், அதாவது வெட்ட வழி தேடி எவ்வளவு தூரம் போகலாம் என்பதில். குறைத்து வைத்தால் வெட்டு மறுபக்கம் போய்ச் சேராது. அள்ளி வைத்தால் மேட்டைக் குடைந்து பக்கத்து ஓடையில் கொண்டுபோய் விடும். கொஞ்சங்கொஞ்சமாகக் கூட்டியதில்தான் பலித்தது. ஓடை என்று கோடு போட, அங்கே வந்து வடியும் பரப்புக்கு வரம்பு 500 கட்டம், அதாவது 45 ஹெக்டேர். வரைபட வீழலுக்கு யுடிஎம் மண்டலம் 46 வடக்கு. நம்மூர் 44-ஐ அப்படியே விட்டுவிடாதீர்கள்.

அச்சுக்கு ராமநாதபுரத்தில் ஃபிளெக்ஸ்தான் தள்ளிவிடுகிறார்கள். சமஉயரக் கோடுகள் அதில் கசங்கிப்போகும். பெரிய அளவு மேட் தாளுக்கு மதுரைதான் கதி.

இதே வெட்டை வைகை வந்து சேரும் நம் ராமநாதபுரம் பெரிய கண்மாயில் போட்டுப் பார்க்க ஆசை. மட்ட வித்தியாசமே சில மீட்டர்தான். உள்ளே நிற்கும் சீமைக்கருவேலம் அதையும் விழுங்கிவிடும். அதற்கு கோப்பர்நிக்கஸிலிருந்து மர உயரத்தைக் கழித்த ஃபேப்டெம் தரவை இறக்கி வைத்திருக்கிறேன். நிக்கோபாரில் மேற்குக்கரைக்கு ஓடும் அலெக்சாண்ட்ராவும் டாக்மரும் இன்னும் வெட்டப்படாமல் கிடக்கின்றன.