அரை கிலோவுக்கு ஒரு தம்ளர்

மார்ச் 3, 2025, திங்கள்

வீட்டில் ஜூஸர் கிடையாது, மிக்ஸிதான். அரை கிலோ கேரட்டைத் துண்டு போட்டு ஜாரில் அடைத்து, தண்ணீரே விடாமல் ஓட்டினேன். தண்ணீர் கலந்தால் அப்புறம் அது என்ன சாறு என்று ஒரு வீம்பு. அடியில் இருந்த துண்டுகள் பொடியாகிச் சுவரில் ஒட்டிக்கொள்ள, மேலே இருந்தவை அசையவே இல்லை. கரண்டியால் கிளறி ஓட்டி, மறுபடி கிளறி ஓட்டி, நாலாவது தடவை மோட்டாரிலிருந்து சூட்டு வாடை வந்ததும் வீம்பைக் கைவிட்டு 150 மில்லி தண்ணீர் ஊற்றினேன். உடனே நடுவில் சுழி விழுந்தது, மேலே கிடந்த துண்டெல்லாம் தானாக உள்ளே இறங்கியது.

வடிகட்டத்தான் எதுவும் யோசித்து வைக்கவில்லை. டீ வடிகட்டியில் ஊற்றிக் கரண்டியால் அழுத்திக்கொண்டே நின்றேன். அரை மணி நேரம். கேரட்டில் நூற்றுக்கு 88 பங்கு தண்ணீராம். இருக்கலாம், எனக்கு இறங்கியது சொட்டுச் சொட்டாகத்தான்.

மார்ச் 4, செவ்வாய்

இன்று துணி. மெல்லிய வெள்ளைப் பருத்தித் துணியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்துவிட்டுப் பாத்திரத்தின் மேல் விரித்தேன். நனைக்காமல் விரித்தால் முதல் இரண்டு வாய்ச் சாற்றைத் துணியே குடித்துவிடும். அரைத்ததை ஊற்றி, நாலு முனையையும் சேர்த்துப் பிடித்து முறுக்கினால் ஐந்தே நிமிடம். அளந்து பார்த்தேன், 380 மில்லி. நான் ஊற்றியதைக் கழித்தால் கேரட் தந்தது 230. அரை கிலோவுக்கு ஒரு தம்ளர், அவ்வளவுதான் கணக்கு.

இதைக் கேட்டதும் வீட்டுக்காரர், "அப்போ எனக்கு ஒரு கிலோ போடு" என்றார்.

துணியை மூன்று தடவை சோப்புப் போட்டுத் துவைத்தேன். கறை போகவில்லை.

மார்ச் 8, சனி

நாலைந்து நாளில் கை பழகிவிட்டது. தலைப்பக்கம் ஒரு விரல் தடிமனுக்கு வெட்டி எறிகிறேன். வெயில் பட்டுப் பச்சையான மேல்பகுதி கசக்கும். தோலையும் லேசாகச் சீவிவிடுகிறேன். தோலில்தான் சத்து எல்லாம் என்று சொல்பவர்கள் ஒரு தடவை சீவியும் ஒரு தடவை சீவாமலும் போட்டுக் குடித்துப் பார்க்கட்டும். சீவாத சாற்றில் மண் வாடையும் ஓரமாக ஒரு கசப்பும் இருக்கிறது.

அடியில் தங்கும் வண்டல் பிடிக்காமல், இன்று துணியை இரண்டாக மடித்து வடித்தேன். சாறு தெளிவாக வந்தது, நிறம்தான் செத்துவிட்டது. சக்கையோ பளபளவென்று ஆரஞ்சு நிறத்தில் உட்கார்ந்திருக்கிறது. கொஞ்சம் யோசித்ததும் புரிந்தது. அந்த நிறம் பீட்டா கரோட்டின். தண்ணீரில் கரையாது, கொழுப்பில்தான் கரையும். சாற்றில் அது கரைந்து கிடப்பதில்லை, உடைந்த செல்களின் துணுக்குகளில் ஒட்டியபடி மிதக்கிறது. துணுக்கைத் தடுத்தால் நிறமும் சத்தும் சேர்ந்தே நின்றுவிடும். எந்தச் சத்துக்காகக் கேரட்டைப் பிழிகிறேனோ அதையே வடிகட்டி வெளியே எறிந்திருக்கிறேன். 1831இல் வாக்கன்ரோடர் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் இதைக் கேரட்டிலிருந்து பிரித்தெடுத்தார், கேரட் பெயரையே அதற்கும் வைத்தார். அவர் நிச்சயம் என் மாதிரி துணியை இரண்டாக மடித்திருக்க மாட்டார்.

இனி மடிக்காத ஒற்றைத் துணிதான். வண்டல் இருந்தால் இருக்கட்டும், கலக்கிக் குடிக்கலாம்.

மார்ச் 9, ஞாயிறு

தினமும் கழுவிச் சீவி அரைத்துப் பிழிந்து துணி துவைப்பதற்குப் பதில் வாரத்துக்கும் சேர்த்து ஒரே நாளில் போட்டுவிடலாமே என்று தோன்றியது. மூன்று கிலோ போட்டேன். கழுத்து வரை நிரப்பிய பாட்டில்கள் ஃபிரிட்ஜில் வரிசையாக நிற்கின்றன. பெருமையாக இருக்கிறது.

மார்ச் 11, செவ்வாய்

பெருமை போயிற்று. பாட்டிலில் மேலே மங்கிய தண்ணீர், அடியில் ஆரஞ்சு வண்டல். அதைக் குலுக்கிச் சரி செய்துவிடலாம், ஆனால் நிறம் பழுப்படித்திருக்கிறது, முதல் நாள் இருந்த இனிப்பு வாசனை இல்லை. எலுமிச்சை பிழிந்து வைத்த ஒரு பாட்டில் மட்டும் கொஞ்சம் பரவாயில்லை.

காய்ச்சி வைத்தால் தாங்குமோ என்று ஒரு பாட்டிலை அடுப்பில் வைத்தேன். கொதி வரும் முன்னாலேயே திரிந்துவிட்டது! திரிந்த பால் மாதிரி ஆரஞ்சுத் துகள்கள் ஒரு பக்கம், மஞ்சள் தண்ணீர் ஒரு பக்கம். கேரட் சாற்றில் கொஞ்சம் புரதம் இருக்கிறது, சூடு பட்டால் அது கட்டிப்படும். நான் எதிர்பார்க்கவே இல்லை.

மீதியை வெளியிலேயே வைத்துத் தீர்க்கலாமா என்று வீட்டுக்காரர் கேட்டபோது மட்டும் கண்டிப்பாகச் சொன்னேன், கூடாது. கேரட் மண்ணுக்குள் விளைவது, சாற்றில் புளிப்பும் கிடையாது. மண்ணில் உள்ள பொட்டுலிசம் கிருமியின் வித்துகள் கொதி தண்ணீருக்கும் சாகாதவை. காற்றுப் புகாத பாட்டில், புளிப்பில்லாத சாறு, குளிர்ச்சியும் இல்லை என்றால் அவற்றுக்குக் கொண்டாட்டம், முளைத்து நஞ்சைக் கக்கும். 2006இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் பாட்டில் கேரட் சாறு குடித்துச் சிலர் கை கால் செயலிழந்து படுத்தார்கள். சாறு போதிய குளிர்ச்சியில் வைக்கப்படாததைத்தான் காரணமாகச் சொன்னார்கள். கெட்டுப்போன வாடைகூட வராமலே அந்த நஞ்சு இருக்கலாம் என்பதுதான் பயம்.

இரண்டு பாட்டிலைக் கொட்டினேன். போட்டால் அன்றைக்கே குடிக்க வேண்டும். மிஞ்சினால் மூடி ஃபிரிட்ஜில், மறுநாள் வரை.

மார்ச் 17, திங்கள்

சாறு கசக்கிறது. தலையை வெட்டியாயிற்று, தோலைச் சீவியாயிற்று, ஆனாலும் கசப்பு. கேரட் வாங்கி நாலு நாள்தான் ஆகிறது, தொட்டால் விறைப்பாகத்தான் இருக்கிறது. ஃபிரிட்ஜின் காய்கறித் தட்டைத் திறந்து பார்த்த பிறகுதான் தெரிந்தது. கேரட்டோடு ஆப்பிளையும் சேர்த்துப் போட்டிருக்கிறேன். ஆப்பிள் விடும் எத்திலீன் வாயு பட்டால் கேரட் தனக்குள் ஒரு கசப்புப் பொருளை உண்டாக்கிக்கொள்ளும். இப்போது ஆப்பிள் மேல்தட்டுக்குப் போயிற்று. கேரட்டை இலையைக் கிள்ளிவிட்டு, ஈரத்துணியில் சுற்றிக் கீழே வைத்திருக்கிறேன். இலையோடு விட்டால் கிழங்கின் ஈரத்தை இலை உறிஞ்சிவிடும்.

மார்ச் 23, ஞாயிறு

அக்கா வீட்டில் சும்மா கிடந்த ஜூஸரைத் தூக்கி வந்தேன். வேகமாகச் சுற்றும் சல்லடை வகை. தண்ணீரே இல்லாமல் அரை கிலோவுக்கு 270 மில்லி, ஒன்றரை நிமிடத்தில். மேலே இரண்டு விரல் நுரை.

அப்புறம் கழுவினேன். சல்லடைக் கண் ஒவ்வொன்றிலும் நார். பழைய பல் துலக்கியால் தேய்த்துத் தேய்த்துப் பதினைந்து நிமிடம். பிளாஸ்டிக் மூடி மஞ்சளாகிவிட்டது, சோப்புக்கு மசியவில்லை. துளி சமையல் எண்ணெய் தடவித் துடைத்துப் பிறகு சோப்புப் போட்டேன், போய்விட்டது. கொழுப்பில் கரையும் என்றால் எண்ணெயிலும் கரைய வேண்டும் அல்லவா. இந்த ஒரு யோசனைக்காக என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

மார்ச் 26, புதன்

ஜூஸரைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. "ஏன்டி, அதுக்குள்ளயா?" என்றாள் அக்கா. "கழுவி முடியலக்கா" என்றேன். அவளும் அதனால்தான் உபயோகிக்கவில்லையாம்.

ஏப்ரல் 10, வியாழன்

"அப்பா, உங்க உள்ளங்கை ஏன் இப்படி இருக்கு?" சின்னவள்தான் கண்டுபிடித்தாள். உள்ளங்கை, பாதம், மூக்கின் ஓரம், எல்லாம் மஞ்சள். எனக்கு வயிற்றைக் கலக்கியது. டாக்டரிடம் கூட்டிப் போனேன். அவர் இமையை விலக்கிக் கண்ணின் வெள்ளையைப் பார்த்தார். பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. காமாலை என்றால் அங்கேயும் மஞ்சள் ஏறியிருக்கும். அடுத்து, "தினமும் என்ன சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டார்.

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். ஐந்து வாரமாகத் தினமும் ஒரு கிலோ கேரட்டின் சாறு, கூடவே சீவும்போது வாயில் போட்டுக்கொண்டவை, பிள்ளைகள் வைத்த மீதி.

தோலில் கரோட்டின் படிந்திருக்கிறது, ஆபத்தில்லை, குறைத்தால் சில வாரத்தில் போய்விடும் என்றார் டாக்டர். உடம்பு தனக்குத் தேவையான அளவுக்குத்தான் கரோட்டினை வைட்டமின் ஏ ஆக மாற்றும், மிச்சம் அப்படியே தோலுக்குப் போகும். வைட்டமின் ஏ மாத்திரையை அளவுக்கு மீறி விழுங்கினால்தான் நஞ்சு.

திரும்பி வரும்போது சின்னவள், "இனிமே அப்பாவுக்கு இருட்டுல கண்ணு தெரியுமா?" என்றாள். வைட்டமின் ஏ குறைந்தவர்களுக்கு மாலைக்கண் வரும், அவர்களுக்குக் கேரட் உதவும். குறையே இல்லாதவருக்கு மூட்டை மூட்டையாகக் கொடுத்தாலும் பூனைக்கண் வராது. இரண்டாம் உலகப் போரில் எங்கள் விமானிகள் கேரட் தின்று இருட்டில் குறி வைக்கிறார்கள் என்று பிரிட்டன் பரப்பிவிட்டது, உண்மையில் அவர்களிடம் ரேடார் இருந்தது. இதை அவளிடம் சொன்னேன். அவளுக்கு ரேடாரைவிடக் கேரட் கதைதான் பிடித்தது.

ஏப்ரல் 20, ஞாயிறு

இப்போது ஆளுக்கு அரைத் தம்ளர், வாரம் நாலு நாள். வெறும் வயிற்றில் கொடுப்பதை நிறுத்திவிட்டேன். சாப்பாட்டோடு குடித்தால் அதில் இருக்கும் எண்ணெய் கரோட்டினை உடம்பில் சேர்க்கும். இல்லையென்றால் கூடவே நாலு பாதாம். இஞ்சி ஒரு நகக்கண் அளவு, கடைசியில் சில துளி எலுமிச்சை. பால் சேர்க்கும் நாளில் எலுமிச்சை கிடையாது, திரிந்துவிடும்.

சக்கையைப் பிழிந்து எறிய இன்னும் மனசு வரவில்லை. நூறு கிராம் கேரட்டில் கிட்டத்தட்ட மூன்று கிராம் நார் இருக்கிறது, அதில் பெரும்பகுதி அங்கேதான் நிற்கிறது. சர்க்கரையில் பெரும்பங்கு தம்ளருக்கு வந்துவிடுகிறது. பாதிச் சக்கையை மாவில் பிசைந்துவிடுகிறேன், மீதி செடித்தொட்டிக்கு.

வீட்டுக்காரரின் மூக்கு நுனி இன்னும் லேசாக மஞ்சள்.

சோப்புக்குப் போகாத அந்தத் துணியை ஒரு வாரமாக எடுக்க மறந்து வெயிலிலேயே விட்டிருந்தேன். இன்று எடுத்துப் பார்த்தால் வெயில் பட்ட பக்கம் முழுக்க வெளுத்திருக்கிறது, மடிப்புக்குள் மட்டும் ஒரு ஆரஞ்சுக் கோடு. திருப்பிப் போட்டிருக்கிறேன்.