மின்சாரம் போகும்போது வரும் அந்த 'டம்'

என் அம்மா விடியற்காலை ஐந்தரை மணிக்கு நாதஸ்வரம் கேட்டபடிதான் வாசல் தெளிப்பார். பெங்களூரின் அல்சூரில் எங்கள் வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர் என்பதால், அந்த நேரத்தில் ஒலி எங்கள் கூடத்தைத் தாண்டக் கூடாது. அவருக்காக ஒலியைப் பெருக்கும் இரண்டு டிடிஏ 7294 ஐசிகளை (சில்லுகளை) வைத்து நான் செய்த ஆம்ப்ளிஃபயரில் இரண்டு குறைகள் இருந்தன. வால்யூமைக் குறைத்து வைத்தால் ஒலி இடப்பக்க ஸ்பீக்கருக்குச் சாய்ந்தது. மின்சாரம் போகும்போதெல்லாம் ஸ்பீக்கர்களிலிருந்து 'டம்' என்று ஓர் அடி விழுந்தது. "கரண்ட் போறப்பல்லாம் நெஞ்சு திக்குனு ஆயிடுதுடா" என்று அம்மா சொன்ன பிறகுதான் இதை உட்கார்ந்து பார்க்கத் தொடங்கினேன்.

வால்யூமின் கதை சிறியது. நம் காது ஒலியை மடக்கை முறையில் உணர்கிறது. ஏறத்தாழ 10 டெசிபல் கூடினால்தான் சத்தம் இரண்டு மடங்கானதாகத் தோன்றும். அதனால் வால்யூமுக்கு 'ஏ' என்று குறியிட்ட லாக் (மடக்கை) வகைப் பொட்டென்ஷியோமீட்டரை, அதாவது குமிழைத் திருப்பினால் மின்தடை மாறும் உறுப்பைப் போடுவதே வழக்கம். ஆனால் விலை குறைந்த இரட்டை லாக் பொட்டென்ஷியோமீட்டர்களில் இரு பாதைகளும் குமிழின் தொடக்கப் பகுதியில் ஒன்றுக்கொன்று பொருந்துவதில்லை. அம்மாவுக்குத் தேவைப்படுவதோ அந்தப் பகுதிதான். நான் அதைக் கழற்றிவிட்டு, 'பி' என்று குறியிட்ட 100 கிலோ ஓம் லீனியர் (சீராக மாறும்) வகையைப் போட்டு, அதன் நடுக்காலுக்கும் தரைக்கும் (சுற்றின் பூஜ்ய வோல்ட் புள்ளிக்கும்) இடையே 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் சேர்த்தேன். வெறும் லீனியராக இருந்தால் குமிழ் பாதி திரும்பியதும் ஒலி 6 டெசிபல்தான் குறைந்திருக்கும். இந்த ரெசிஸ்டரோடு சுமார் 17 டெசிபல் குறைகிறது, இரு பக்கமும் சமமாகவும் இருக்கிறது. குமிழை முழுக்கத் திருப்பினால் முன்னுள்ள சுற்றுக்கு 9 கிலோ ஓம் சுமை விழும் என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது. என் சுற்றில் அதற்கு முன்னால் அந்தச் சுமையைத் தாங்கும் ஓர் ஆப்-ஆம்ப் பஃபர் (சிறு ஐசி சுற்று) இருப்பதால் தொல்லையில்லை.

'டம்' அவ்வளவு எளிதில் பிடிபடவில்லை. எஸ்.பி. ரோட்டில் ஒரு கடையில் கேட்டபோது, "கரண்ட் போனா அப்படி ஒரு சத்தம் வரத்தான் செய்யும் சார்" என்றார்கள். பல ஆண்டுகளாக எல்லோரும் அதை ஆம்ப்ளிஃபயரின் இயல்பு என்றே ஏற்றுக்கொண்டிருப்பது எனக்கு வருத்தம் தருகிறது, ஏனென்றால் அது இயல்பே இல்லை. முதல் தடயம் குமிழிலேயே கிடைத்தது: வால்யூமை முற்றிலும் குறைத்து வைத்துவிட்டு பிளக்கைப் பிடுங்கினாலும் அடி அதே வேகத்தில் விழுந்தது. குமிழ் தனக்கு முன்னால் இருப்பதைத்தான் அடக்கும்; பின்னால் இருப்பதன்மீது அதற்கு அதிகாரம் இல்லை. பிறகு ஸ்பீக்கரை ஓட்டும் பவர் ஆம்பின் (அந்த டிடிஏ 7294-களின்) உள்ளீட்டைத் தரையோடு இணைத்துப் பார்த்தேன். அடி அடியோடு நின்றது. ஆகவே குற்றவாளி, குமிழுக்கும் பவர் ஆம்புக்கும் நடுவே இருந்த, பாஸ், ட்ரெபிளைக் கூட்டிக் குறைக்கும் டோன் கன்ட்ரோல் பகுதி என்பது உறுதியாயிற்று.

ஏன் என்று காகிதத்தில் கணக்குப் போட்டபோது எல்லாம் தெளிவாயிற்று. பவர் ஆம்புக்கு ±35 வோல்ட்; ஒவ்வொரு பக்கமும் 10,000 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர். பாட்டு இல்லாதபோது இரண்டு ஐசிகளும் சேர்ந்து 60 மில்லிஆம்பியர் எடுத்தால், மின்சாரம் போன பின் அந்த வோல்டேஜ் விநாடிக்கு 6 வோல்ட் வீதம் இறங்கும். டிடிஏ 7294 ±10 வோல்ட் வரை வேலை செய்யும் என்பதால், அது இன்னும் நான்கு விநாடி உயிரோடு இருக்கும். டோன் கன்ட்ரோலுக்கோ 470 மைக்ரோஃபாரட்தான். 20 மில்லிஆம்பியர் எடுக்கும்போது 22 வோல்ட்டிலிருந்து 17 வோல்ட்டுக்கு இறங்க 0.12 விநாடி போதும். அதன் பிறகு அதற்கு +15, -15 வோல்ட்டை நிலையாகத் தரும் 7815, 7915 ரெகுலேட்டர்கள் இரண்டும் தத்தம் போக்கில் சரிய, ஆப்-ஆம்பின் வெளியீடு ஒரு பக்கமாகத் துள்ளுகிறது. அந்தத் துள்ளல் 0.3 வோல்ட்டாக இருந்தாலே, 32 மடங்கு பெருக்கும் பவர் ஆம்ப் அதை 10 வோல்ட்டாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பிவிடும். கடைசியில் எழுந்து முதலில் உறங்க வேண்டியது பவர் ஆம்ப். என் பெட்டியில் முன்னால் இருப்பவர் படுத்த பிறகும் பின்னால் இருப்பவர் நான்கு விநாடி விழித்திருந்தார்.

டிடிஏ 7294-இல் 9ஆம் கால் ஸ்டாண்ட்-பை (ஐசியையே உறங்க வைப்பது), 10ஆம் கால் மியூட் (ஒலியை மட்டும் அடக்குவது). இரண்டுக்கும் ஒரே விதி: 1.5 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் அடக்கம், 3.5 வோல்ட்டுக்கு மேலே போனால் விடுதலை. ஆன் ஆகும்போது முதலில் ஸ்டாண்ட்-பை விலகி, பின்னர் மியூட் விலக வேண்டும். ஆஃப் ஆகும்போது மியூட் முதலில் விழ வேண்டும். 5 வோல்ட்டிலிருந்து 9ஆம் காலுக்கு 22 கிலோ ஓம் ரெசிஸ்டரும் 10 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரும் கொடுத்தேன். அது கால் விநாடியில் விலகுகிறது. 10ஆம் காலுக்கு 100 கிலோ ஓம், 22 மைக்ரோஃபாரட், 3.5 வோல்ட்டை எட்ட அதற்கு 2.6 விநாடி ஆகிறது. உள்ளீட்டுக் கெபாசிட்டர்கள் நிறைந்து அடங்க அந்த அவகாசம் தேவை.

வருவதற்கு இத்தனை நிதானம் வேண்டும் என்றால், போவதற்கு அவசரம் வேண்டும். பெரும்பாலான சுற்றுகள் தவறுவது இந்த இடத்தில்தான். மியூட் கெபாசிட்டர் அதே 100 கிலோ ஓம் வழியாக வடியுமானால், டோன் கன்ட்ரோல் துள்ளி முடித்து வெகு நேரத்துக்குப் பிறகே மியூட் விழும். அதனால் டிரான்ஸ்ஃபார்மரின் ஏசியிலிருந்து ஒரு டையோடு வழியாகத் தனியே ஒரு சின்ன 2.2 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரை நிரப்பி, அதற்குக் குறுக்கே 22 கிலோ ஓம் போட்டேன். 50 ஹெர்ட்ஸில் 20 மில்லிவிநாடிக்கு ஒருமுறை அது நிரம்புகிறது. இடைவெளியில் மூன்றில் ஒரு பங்குதான் இறங்குகிறது. ஏசி நின்றால் 33 மில்லிவிநாடியில் பாதிக்குக் கீழே வந்துவிடும். அப்போது ஒரு டிரான்சிஸ்டர் விழித்து, மியூட் கெபாசிட்டரை 470 ஓம் வழியாகத் தரைக்கு இழுக்கிறது. அதற்கு இன்னொரு 12 மில்லிவிநாடி. ஆக மொத்தம் 45. டோன் கன்ட்ரோல் சரியத் தொடங்குவதோ 120-இல்.

ஸ்பீக்கரின் இணைப்பைத் துண்டிக்கும் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) இருக்கிறதே என்று நண்பர் ஒருவர் கேட்டார். அதுவும் இருந்தது, அதை இயக்கும் யூபிசி 1237 ஐசியோடு. அந்த ஐசியின் 4ஆம் கால் ஏசி நின்றதைக் கண்டறிவதற்கென்றே உள்ளது. நான் வாங்கிய பலகையில் அது டிசி சப்ளையில் கட்டப்பட்டிருந்ததால், ரிலே நான்கு விநாடி இணைப்பைத் துண்டிக்காமலே கிடந்தது. அதையும் ஏசிக்கு மாற்றினேன். ஆனாலும் ரிலேயை மியூட்டாகப் பயன்படுத்துவதை நான் விரும்பவில்லை. பவர் ஆம்ப் பழுதாகி டிசி வந்தால் ஸ்பீக்கரைக் காப்பதே அதன் வேலை. அப்போதும், பல சிறிய ரிலேக்களின் தொடுமுனைகள் 30 வோல்ட் டிசிக்கே உரியவை. 35 வோல்ட்டைத் துண்டிக்கையில் தீப்பொறி தொடர்ந்து எரியக்கூடும் என்பதால், ஸ்பீக்கரை ரிலேயின் பொதுமுனையிலும், ரிலே ஓய்வில் தொடும் முனையைத் தரையிலும் இணைப்பது நல்லது.

வேறு ஐசி என்றால் விவரம் மாறும். எல்எம் 3886-இல் 8ஆம் காலிலிருந்து குறைந்தது 0.5 மில்லிஆம்பியரை வெளியே இழுத்தால்தான் ஒலி வரும். அந்த மின்னோட்டத்தை நிறுத்தினால் மியூட். டிபிஏ 3116 போன்ற டி வகுப்பு (வேகமாக ஆன், ஆஃப் ஆகி ஒலியைப் பெருக்கும்) ஐசிகளில் சப்ளை போவதற்கு முன்பே ஷட்டவுனுக்குக் கொண்டுபோக வேண்டும்.

எங்கள் தெருவில் மின்சாரம் அரை விநாடி போய்த் திரும்பி வருவதுண்டு; நான் அதிகம் அஞ்சியது அதற்குத்தான். ஊஃபரின் (தாழ்ந்த ஒலிக்கான ஸ்பீக்கரின்) கூம்பில் விரல் நுனியை மெல்ல வைத்துக்கொண்டு, மறு கையால் சுவிட்சைப் பத்துப் பன்னிரண்டு முறை வெடுக் வெடுக்கென்று தட்டினேன். முன்பு விரலை உந்தித் தள்ளிய கூம்பு இம்முறை அசையவில்லை. ஒவ்வொரு முறையும் மியூட் கெபாசிட்டர் முழுதாக வடிந்து, 2.6 விநாடிக் காத்திருப்பு மீண்டும் முதலிலிருந்து தொடங்கியது. மறுநாள் காலை நாதஸ்வரத்தின் நடுவே மின்சாரம் போனது. ஒலி சட்டென்று நின்றது, அவ்வளவுதான். அம்மா கோலப்பொடி டப்பாவோடு வாசலிலிருந்து எட்டிப் பார்த்து, "கரண்ட் போச்சா, பாட்டை நீ நிறுத்தினியா?" என்று கேட்டார்.