முன்குறித்தல் பாடத்தைக் கப்பலில் தொடங்குவது

ரோமர் நிருபத்தை வரிசையாக நடத்தும் எந்த வேதபாட வகுப்பிலும் 8-ஆம் அதிகாரம் 29-ஆம் வசனம், தேவன் தம்முடையவர்களை முன்குறித்தார் என்கிற வசனம், வந்ததும் ஒரு கை உயரும். "எல்லாம் முன்னாலேயே குறித்தாகிவிட்டது என்றால் ஜெபம் எதற்கு? சுவிசேஷம் சொல்வது எதற்கு?" கேட்பவர் பெரும்பாலும் விதண்டாவாதத்துக்குக் கேட்பதில்லை. நடத்துகிறவர் செய்யும் முதல் தவறு, அப்போதே 9-ஆம் அதிகாரத்துக்குத் தாவி, களிமண் குயவனைக் கேள்வி கேட்கலாமா என்ற உவமையைக் காட்டி அவர் வாயை அடைத்துவிடுவது. வாய் அடையும், கேள்வி உள்ளேயே கிடக்கும். அடுத்த வாரம் அவர் வரமாட்டார்.

இந்தப் பாடத்தை நிருபத்தில் தொடங்குவதைவிட ஒரு கப்பலில் தொடங்குவது நல்லது. அப்போஸ்தலர் 27. புயலில் அடிபட்டு அலையும் கப்பலில் 276 பேர். ஒருவனுக்கும் பிராணச்சேதம் வராது, கப்பல் மட்டும்தான் போகும் என்று பவுல் 22-ஆம் வசனத்திலேயே சொல்லிவிடுகிறார். சொன்னது அவருடைய ஊகமும் இல்லை. தேவதூதன் இரவில் வந்து சொன்ன செய்தி, 24-ஆம் வசனத்தில் இருக்கிறது. ஆக, முடிவு தெரிந்துவிட்டது. 14-ஆம் இராத்திரி கப்பலாட்கள் விழுதுவிட்டு ஆழம் பார்க்கிறார்கள்: 20 பாகம் (ஒரு பாகம் ஏறக்குறைய ஆறு அடி). சற்று அப்புறம் போய்ப் பார்த்தால் 15. பாறையில் மோதிவிடுவோம் என்ற பயத்தில் பின்னணியத்திலிருந்து நாலு நங்கூரங்களைப் போட்டுவிட்டு, முன்னணியத்திலும் நங்கூரம் போடப்போகிறவர்கள்போலப் பாவனை செய்து படவை இறக்குகிறார்கள். உண்மையில் தப்பி ஓடத்தான். அப்போது, 31-ஆம் வசனத்தில், பவுல் நூற்றுக்கு அதிபதியிடம் சொல்கிறார்: "இவர்கள் கப்பலில் இராவிட்டால் நீங்கள் தப்பிப் பிழைக்கமாட்டீர்கள்." சேவகர் கயிற்றை அறுத்துப் படவைத் தாழ விழவிடுகிறார்கள்.

இந்த இடத்தில் வகுப்பை நிறுத்தி, 24-ஆம் வசனத்தையும் 31-ஆம் வசனத்தையும் அடுத்தடுத்து வாசிக்கச் சொல்ல வேண்டும். வகுப்பு உடனே இரண்டாகப் பிரியும். ஒரு பக்கம், "அப்படியானால் வாக்குத்தத்தத்துக்கு நிபந்தனை இருந்திருக்கிறது" என்பார்கள். மறுபக்கம், "எப்படியும் பிழைத்திருப்பார்கள், எச்சரிக்கை சும்மா" என்பார்கள். முதல் கட்சிக்கு அர்மீனியப் பாரம்பரியத்தில் (அர்மீனியஸ் என்ற இறையியலாளரைப் பின்பற்றி, மனிதனின் சுயாதீனத்தை வலியுறுத்துகிறவர்களிடம்) துணை உண்டு. அதைத் தள்ளிவிடக் கூடாது. ஆனால் 24-ஆம் வசனத்தில் "இராவிட்டால்" என்ற சொல்லே கிடையாது என்பதை அவர்கள் கணக்கில் எடுக்க வேண்டும். இரண்டாம் கட்சியிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: சும்மா சொன்ன எச்சரிக்கைக்கா நடுக்கடலில், இருந்த ஒரே படவை அறுத்து விட்டார்கள்? எனக்குப் பொருந்துகிற வாசிப்பு இது: கரைசேர்வது குறிக்கப்பட்டிருந்தது, கயிறு அறுபடுவதும் அதற்குள் இருந்தது. எச்சரிக்கை வழியாகத்தான் வாக்கு நிறைவேறியது. அறுத்தவன் கை மரத்துப்போன கை அல்ல. அவன் கேட்டான், பயந்தான், கத்தியை எடுத்தான்.

இதற்குப் பிறகு சொற்களுக்கு வரலாம். "முன்குறித்தல்" என்றதும் தமிழ்க் காதில் விழுவது "தலையெழுத்து". வகுப்பில் பாதிக் குழப்பம் இந்த ஒரு சொல்லால் வருவது. விதிக்கு முகம் இல்லை. அது யாரையும் நேசிப்பதும் இல்லை, எதற்காக என்று சொல்வதும் இல்லை. "முன்குறித்தல்" என்பதற்கான கிரேக்க வினை புதிய ஏற்பாட்டில் 6 இடங்களில்தான் வருகிறது: அப்போஸ்தலர் 4:28, ரோமர் 8:29, 30, 1 கொரிந்தியர் 2:7, எபேசியர் 1:5, 11. ஆறையும் பலகையில் எழுதி, ஒவ்வொன்றிலும் "யார் குறித்தார், எதற்கென்று குறித்தார்" என்று கேட்டுப் பாருங்கள். குமாரனுடைய சாயலுக்கு, புத்திரசுவிகாரத்துக்கு (பிள்ளைகளாக ஏற்றுக்கொள்ளப்படுவதற்கு) என்று பதில் வரும். இன்னாருக்கு இன்ன வேலை, இன்ன நாளில் விபத்து என்கிற பட்டியல் இந்த ஆறில் எங்கும் இல்லை. (1 கொரிந்தியரில் குறிக்கப்படுவது ஆள்கூட இல்லை, ஞானம்.) ஜெபம் எதற்கு என்று கேட்டவரை அப்போஸ்தலர் 4-க்கு அனுப்பலாம். ஏரோதும் பிலாத்துவும் இயேசுவுக்குச் செய்ததெல்லாம் முன்குறித்தபடியே நடந்தது என்று 28-ஆம் வசனத்தில் சொல்கிற விசுவாசிகள், மூச்சு விடாமல் 29-இல் "இப்பொழுதும், கர்த்தாவே" என்று விண்ணப்பம் பண்ணுகிறார்கள்.

அடுத்தது, இஸ்ரவேலரைப் போகவிட மறுத்த எகிப்து ராஜாவான பார்வோன். சுலபமான விடை ஒன்று புழக்கத்தில் இருக்கிறது: முதலில் அவனே தன் இருதயத்தைக் கடினப்படுத்தினான், பிறகுதான் தேவன் கடினப்படுத்தினார் என்று. யாத்திராகமம் 8:15, 8:32 ஆகியவற்றில் அவன். 9:12-இல், ஆறாம் வாதையான கொப்புளங்களின்போது, கர்த்தர். வரிசை சரிதான், ஆனால் இதையே முழு விடையாகக் கொடுத்தால் விழிப்பான மாணவர் ஒருவர் 4:21-ஐக் காட்டுவார். மோசே எகிப்துக்குப் போய்ச் சேருமுன்பே "நான் அவன் இருதயத்தைக் கடினப்படுத்துவேன்" என்று அங்கே இருக்கிறது. அதனால் வரிசையை நம்பாமல் கல்மழையின் முடிவைப் பார்ப்பது மேல். 9:34-இல் அவன் தன் இருதயத்தைக் கடினப்படுத்துகிறான். 9:35-இல் அது கடினப்பட்டதாக மட்டும் சொல்லியிருக்கிறது. 10:1-இல் "நான் கடினப்படுத்தினேன்" என்கிறார் கர்த்தர். ஒரே இருதயம், அடுத்தடுத்த மூன்று வசனம். எழுதியவர் இதைச் சரிசெய்ய வேண்டும் என்று நினைக்கவே இல்லை. யோசேப்பும் சகோதரரிடம் இதே தொனியில் பேசுகிறான்: நீங்கள் தீமைசெய்ய நினைத்தீர்கள், தேவனோ அதை நன்மையாக முடியப்பண்ணினார். ஒரே செயல், இரண்டு நோக்கம், குற்றம் சகோதரர்மேல்.

பங்கு பிரிக்கும் வழக்கத்தை இந்த இடத்தில் உடைத்துவிட வேண்டும். "தேவன் 99, நாம் 1" என்று பேசினால் தாழ்மையாகத்தான் தோன்றும். ஆனால் அந்த 1 இருக்கிறவன் இரட்சிக்கப்படுகிறான், இல்லாதவன் கெடுகிறான் என்றால், எல்லாம் அந்த 1-இல்தான் தொங்குகிறது. பிலிப்பியர் 2:12 பிரயாசப்படச் சொல்கிறது. 13 தேவனே விருப்பத்தையும் செய்கையையும் உண்டாக்குகிறவர் என்கிறது. நடுவில் நிற்கும் சொல் "ஏனெனில்". அங்கே "ஆனாலும்" இருந்திருந்தால் பங்கு பிரிக்கலாம்.

சுயாதீனம் என்றால் என்ன என்பதையும் முதலிலேயே கேட்டுவிடுவது நேரத்தை மிச்சப்படுத்தும். அதே நிலைமையில் வேறுவிதமாகவும் செய்திருக்க முடியும் என்பது ஒரு பொருள். யாரும் வற்புறுத்தாமல் தான் விரும்பியதையே செய்வது இன்னொன்று. முன்குறித்தலோடு இரண்டாவது எளிதில் ஒத்துப்போகும். முதலாவது ஒத்துப்போவது கடினம். இதைத் தெளிவாக்காமல் இருவர் ஒரு மணி நேரம் வாதாடினால், இருவரும் வெவ்வேறு பொருளில் பேசிக்கொண்டிருந்தார்கள் என்பது கடைசியில்தான் தெரியும்.

சபை வரலாறு கொஞ்சம் போதும். 529-இல் பிரான்சின் ஆரஞ்சு நகரில் கூடிய ஆலோசனைச் சங்கம் கிருபையே முந்துகிறது என்றது. தீமைக்கென்று சிலரைத் தேவன் முன்குறித்தார் என்பதைக் கடுமையாக மறுத்தது. ரோமில் இதே கேள்வியை 1597 முதல் 1607 வரை விசாரித்து, கடைசியில் தீர்ப்புச் சொல்லாமலே டொமினிக்கன் சபையார், இயேசு சபையார் என்ற இரு தரப்பாரையும் அனுப்பிவிட்டார்கள். 1618-19-இல் நெதர்லாந்தில் கூடிய சீர்திருத்த சபைகளின் டார்ட் சங்கம் அர்மீனியர்களின் ஐந்து கூற்றுகளுக்குப் பதில் எழுதியது. அந்தப் பதிலின் ஐந்து கூறுகளை ஆங்கில முதலெழுத்துகளால் டியூலிப் (TULIP) என்ற பூவின் பெயராக மனப்பாடம் பண்ணுகிறவர்களுக்கு ஒரு தகவல்: டார்ட் தொடங்குவது தெரிந்துகொள்ளுதலில் (தேவன் தேர்ந்தெடுப்பதில்), டியூலிப்பின் முதல் எழுத்தான மனிதனின் சீர்கேட்டில் இல்லை. அந்த வரிசையில் எழுதினால் பூவே வராது. சீர்திருத்தவாதி கால்வின் 'இன்ஸ்டிடியூட்ஸ்' என்ற தம்முடைய நூலின் 1559 பதிப்பில் முன்குறித்தலை மூன்றாம் புத்தகத்தின் 21 முதல் 24 வரையான அதிகாரங்களில் வைத்தார். அதற்கு முந்தின 20-ஆம் அதிகாரம் ஜெபத்தைப் பற்றியது, நீளமானதும்கூட.

நேரத்தைப் பொறுத்த ஒரு தவறு உண்டு. ரோமர் 9-ஐ ஒரு வாரம் முடித்து, 10-ஐ அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைப்பது. 9, 10, 11 மூன்றும் சேர்ந்து 90 வசனம்தான். ஒரே அமர்வில் சத்தமாக வாசித்துவிடலாம். 9-இல் குயவன், 10-இன் கடைசியில், கீழ்ப்படியாத ஜனங்களிடம் நாள் முழுவதும் கைகளை நீட்டிக்கொண்டு நிற்கிற தேவன். முதலாவதை மட்டும் கேட்டு வீட்டுக்குப் போனவர் ஏழு நாள் அதோடு இருக்க நேரும்.

கேட்பது யார் என்றும் பார்க்க வேண்டும். துக்க வீட்டில் "எல்லாம் அவர் குறித்தது" என்ற வாக்கியம் தவறான மருந்து, சரியான கோட்பாடாக இருந்தாலும். அங்கே உட்கார்ந்திருப்பது போதும். "நான் தெரிந்துகொள்ளப்பட்டவன்தானா" என்று தூக்கமில்லாமல் கேட்கிறவர் வேறு. அவர் எட்டிப்பார்க்க நினைக்கும் பதிவேடு யாருக்கும் திறந்து காட்டப்படுவதில்லை. கிறிஸ்துவே அந்தக் கண்ணாடி, அதில் பார் என்றார் கால்வின். அர்மீனியப் போதகரும் அதே இடத்துக்குத்தான் அனுப்புவார். அப்படிக் கேட்கிறவரிடம் ரோமர் 9-ஐத் திறக்க வேண்டாம். யோவான் 6:37-இன் பிற்பாதியைத் திறந்து, "என்னிடத்தில் வருகிறவனை" என்பதிலிருந்து அவரையே வாசிக்கச் சொல்லுங்கள். முற்பாதியைப் பிறகு பார்க்கலாம்.