மல்லியிலிருந்து தண்ணிக்கு

மயிலாப்பூர் மாட வீதிகளில் முப்பது வருடம் பூ விற்ற ஒரு அம்மா போன வருடம் எங்கள் மறுவாழ்வுப் பிரிவுக்கு வந்தார். இடப்பக்க மூளையில் ரத்தக்குழாய் அடைப்பு. முழம் போட்டுக் கொடுத்த வலது கை விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. நாம் சொல்வது அநேகமாகப் புரியும். பதில் சொல்ல வாயைத் திறந்தால் "ஆ... ஆ..." என்று நின்றுவிடும். அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்க்கவே முடியாது. சொல் உள்ளே இருக்கிறது, வாசலுக்கு வரமாட்டேன் என்கிறது.

பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இப்படிப் பேச்சு அடிபடுகிறது. அஃபேசியா என்பார்கள். 1861-இல் பாரிசில் பால் புரோக்கா என்ற மருத்துவர் இப்படி ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார். அந்த மனிதருக்கு மிஞ்சியிருந்தது 'தன்' என்ற ஒரே ஒலி. அவர் இறந்தபின் பார்த்தால் மூளையின் இடது முன்பகுதி சிதைந்திருந்தது. அந்த இடம் பாதிக்கப்பட்டவர்களில் பலர் பேச முடியாமல் இருந்தாலும் பாடுவார்கள். பாடுவதில் வலப்பக்க மூளைக்கும் பெரிய பங்கு உண்டு. இதை வைத்துத்தான் 1973-இல் பாஸ்டனில் ஒரு பயிற்சி முறையை வெளியிட்டார்கள். சொல்லை இரண்டே சுரத்தில் இழுத்துப் பாட வேண்டும், அசைக்கு ஒரு தட்டு இடது கையால் தட்ட வேண்டும். அப்புறம் அந்த ராகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றிவிட வேண்டும்.

இந்தக் கழற்றும் வேலையில்தான் நான் ஆரம்பத்தில் தவறு செய்தேன். இசை சிகிச்சைக்கு வந்த புதிது. ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர், ஒரு சொல்கூட வராதவர், நான் தொடங்கிய பக்திப் பாட்டை முழுசாகப் பாடி முடித்துவிட்டார். வீட்டார் அழுதார்கள், வீடியோ எடுத்தார்கள். நானும் அழுதேன். தினமும் புதுப்புதுப் பாட்டாகப் பாடிக்கொண்டிருந்தோம். இரண்டு மாதம் கழித்து அவர் மனைவி என்னைத் தனியாக அழைத்து, "நன்னா பாடறார்மா. ஆனா பாத்ரூம் போகணும்னு கேக்கத் தெரியலையே" என்றார். மனப்பாடமான பாட்டு ஒரே சரமாக வரும். அதிலிருந்து ஒரு சொல்லைத் தனியே உருவிச் சமையலறையில் பயன்படுத்த முடியாது. அந்த இரண்டு மாதங்களை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. மூளை வேகமாகத் தேறக்கூடிய முதல் மாதங்கள் அவை.

சரி, பூக்கார அம்மாவுக்கு வருகிறேன். அம்மன் பாட்டு போட்டேன், பழைய சினிமாப் பாட்டு போட்டேன். கேட்டார், அவ்வளவுதான். ஆட்டோ ஓட்டும் மகன் ஒருநாள் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "அம்மா பாட்டெல்லாம் பாடாது மேடம். கூவும்" என்றார். எப்படிக் கூவுவார்கள் என்று கேட்டேன். கூச்சப்பட்டுக்கொண்டே காட்டினார். "மல்...லீ!" முதல் அசை மேலே நிற்கும், இரண்டாவது கீழே வந்து நீளும். கீபோர்டில் வைத்துப் பார்த்தேன். மேலே சாதாரண காந்தாரம் என்ற 'க' சுரம், கீழே ஷட்ஜம் என்ற 'ச'. பயிற்சி முறையில் பெரும்பாலும் வைக்கும் இடைவெளியும் இதுதான். அவர் வாழ்நாள் முழுக்க அதைத் தெருவில் பாடிக்கொண்டு இருந்திருக்கிறார்.

அவருடைய இடப்பக்கம் உட்கார்ந்து, கையைப் பிடித்து மேசையில் தட்டவைத்தேன். முதல் சில நாட்கள் சொல்லே கிடையாது, வெறும் முனகல். பிறகு இருவரும் சேர்ந்து கூவினோம். பாதியில் நான் குரலை நிறுத்திக்கொள்வேன், அவர் குரலும் நின்றுவிடும், மறுபடி சேர்ந்துகொள்வேன். இரண்டாவது வாரம் நான் நிறுத்தியும் அவர் நிற்கவில்லை. "மல்லீ" என்ற குரல் வராந்தா வரை கேட்டது. அடுத்து எவர்சில்வர் டம்ளரை எடுத்து முன்னால் வைத்தேன். அதே இரண்டு அசை, அதே இறக்கம், "தண்...ணீ". என் வாயைப் பார்த்து அதேபோல் தன் வாயை வைத்துப் பார்த்தார். 'தண்' வந்தது. 'ணி' வர இன்னும் மூன்று நாள் ஆனது. அதற்குப்பின் தான் பெரிய வேலை. இழுப்பைக் குறைத்து, சுரத்தைத் தட்டையாக்கி, கடைசியில் நான் எதுவும் பாடாமல் "என்ன வேணும்?" என்று மட்டும் கேட்டுக் காத்திருக்க வேண்டும். இருபது வினாடி காத்திருப்பது எனக்கே கஷ்டம்.

சென்னையில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் என்னிடம் கேட்கும் கேள்வி, "பக்கவாதத்துக்கு எந்த ராகம் நல்லது?" என்னிடம் அப்படி ஒரு பட்டியல் இல்லை. பக்கத்து அறையில் பார்க்கின்சன் நோயால் வாசற்படியில் கால் ஒட்டிக்கொள்ளும் ஒரு பெரியவருக்கு ராகமே வேண்டாம், சீராகத் தாளம் தட்டும் மெட்ரோனோம் கருவியின் டிக் டிக் போதும். நிமிடத்துக்கு எத்தனை அடி வைக்கிறார் என்று எண்ணி, அந்த வேகத்தில் தொடங்கி, ஐந்து பத்து சதவீதம் கூட்டுவோம். காதில் தாளம் விழுந்ததும் கால் கிளம்பிவிடும். பூக்கார அம்மாவுக்குத் தேவைப்பட்டதோ அவர் தொழிலின் குரல். ராகத்தின் பெயரைக் கேட்பவர்கள் நோயாளி எப்படி வாழ்ந்தவர் என்று ஒருமுறையாவது கேட்கமாட்டார்களா என்று எனக்கு ஆதங்கம் உண்டு.

பதினோரு சொற்கள் தேறியதும் மகனிடம், அடுத்து எதைச் சொல்லித்தரலாம் என்று கேட்டேன். அவர் யோசிக்கும் முன்பே அம்மா தலையைத் திருப்பி, டிரேயில் ஆறிக்கிடந்த கஞ்சியை இடது கையால் தள்ளிக் காட்டினார். மூன்று மாதமாக யார் ஊட்டினாலும், பிடிக்காவிட்டாலும் விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறார். அதனால் பன்னிரண்டாவது சொல் "வேணாம்". அதற்கு ஒன்பது நாள்.

வீட்டுக்குப் போகும் அன்று காலை, கடைசியாக ஒருமுறை பார்க்கலாம் என்று மேசைக்கு அருகில் போய் அவர் கையைப் பிடித்தேன். தட்டுவதற்குள் கையை இழுத்துக்கொண்டார். "வேணாம்" என்றார். குரல் மேலேயும் ஏறவில்லை, கீழேயும் இறங்கவில்லை, நாம் எல்லோரும் சொல்வது போலவே.