நவஹோ மண்ணில் ஒரு கூரை வேலை

கடந்த ஜூன் மாதம் எங்கள் சபையைச் சேர்ந்த ஆறு குடும்பங்கள், பிள்ளைகளையும் சேர்த்து 23 பேர், அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரிலிருந்து வடக்கே புறப்பட்டு, டூபா சிட்டி என்ற ஊருக்கு அருகே, அமெரிக்கப் பூர்வகுடிகளான நவஹோ மக்களின் சிறிய சபை ஒன்றில் ஒரு வாரம் தங்கி ஊழியம் செய்துவிட்டு வந்தோம். எங்கள் அரிசோனா மாநிலம் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைப்பதில்லை. அதே மாநிலத்துக்குள் இருந்தாலும், 'நவஹோ நாடு' எனப்படும் அந்த மக்களின் தன்னாட்சிப் பகுதி தள்ளி வைக்கிறது. இது தெரிந்திருந்தும் புறப்படும் அவசரத்தில் மறந்துபோனோம். ஞாயிறு ஆராதனைக்குச் சரியான நேரத்தில் வந்துவிட்டோம் என்று எண்ணி வண்டியை விட்டு இறங்கியபோது, உள்ளே ஆராதனையை முடிக்கும் ஆசீர்வாத ஜெபம் நடந்துகொண்டிருந்தது. ஆனாலும் ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. ஆட்டுக்கறிக் குழம்பும் பொரித்த ரொட்டியும் எங்களுக்காக எடுத்து வைத்திருந்தார்கள்.

பயணத்துக்கு மூன்று மாதம் முன்பே நாங்கள் திட்டம் போடத் தொடங்கியிருந்தோம். பிள்ளைகளுக்கு விடுமுறை வேதாகமப் பள்ளி நடத்துவது, பழைய துணிகளைச் சேகரித்துக் கொண்டுபோவது, ஆலயத்துக்கு வண்ணம் பூசுவது என்று பட்டியல் நீண்டுகொண்டே போனது. அங்குள்ள போதகர் நவஹோ இனத்தவர். அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். எங்கள் போதகர் அவருக்குத் தொலைபேசியில் அந்தப் பட்டியலை வாசித்துக் காட்டியபோது, அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, துணி வேண்டாம், வண்ணமும் வேண்டாம், இரண்டு வீடுகளுக்குக் கூரை ஒழுகுகிறது, அதைச் சரிசெய்ய முடியுமா என்று மட்டும் கேட்டாராம். ஒன்பது பெட்டித் துணிகளை மடித்து அடுக்கி வைத்திருந்த எனக்கு அப்போது மனம் வருத்தப்பட்டது உண்மை. அங்கே போய் ஆலயத்தின் பின்னறையைத் திறந்து பார்த்த பிறகே அவர் சொன்னதன் நியாயம் விளங்கியது. எங்களைப் போல முன்னர் வந்த குழுக்கள் விட்டுச்சென்ற துணிமூட்டைகள் கூரைவரை அடுக்கிக் கிடந்தன. அவற்றைப் பிரித்து, கழித்து, அப்புறப்படுத்துவதே அந்தச் சிறிய சபைக்கு ஒரு தனி வேலையாகிவிட்டிருந்தது.

நவஹோ நாடு அரிசோனா, நியூ மெக்சிகோ, யூட்டா ஆகிய மூன்று மாநிலங்களில் ஏறத்தாழ 70,000 சதுர கிலோமீட்டர் பரந்து கிடக்கிறது. விண்டோ ராக் அதன் தலைநகர். தனக்கென அரசும் நீதிமன்றங்களும் காவல்துறையும் உடைய நாடு அது. அந்த மக்கள் தங்களை 'தினே' என்றே சொல்லிக்கொள்கிறார்கள். அவர்கள் மொழியில் 'மக்கள்' என்பதே அதன் பொருள்.

எங்கள் குடும்பத்துக்குக் கொடுக்கப்பட்ட வேலை ஒரு பாட்டியின் வீட்டுக் கூரை. வாகனத்தை வாசலில் நிறுத்தியதும் நேராகப் போய்க் கதவைத் தட்டக் கூடாது, வீட்டார் வெளியே வரும்வரை வண்டியிலேயே காத்திருப்பதுதான் மரியாதை என்று போதகர் சொல்லியிருந்தபடியால், நாங்கள் நால்வரும் அமைதியாக உட்கார்ந்திருந்தோம். சிறிது நேரத்தில் பாட்டி தம் பேத்தியின் கையைப் பிடித்தபடி வெளியே வந்து, கைகளை அழுத்தாமல் மெல்லத் தொட்டு எங்களை வரவேற்றார். வீட்டின் பக்கத்தில் மரக்கட்டைகளை அடுக்கி மண் பூசிய பழைய ஹோகன் ஒன்று, அதாவது நவஹோக்களின் மரபு வீடு, கிழக்குப் பார்த்த வாசலோடு நின்றது. பாட்டி வசிக்கும் வீடு அதற்குப் பின்னர் கட்டப்பட்டது. அதன் கூரைப் பலகைகள் பல இடங்களில் உளுத்து, கைவைத்தால் உதிரும் நிலையில் இருந்தன. உள்ளே கட்டிலுக்கு மேலே நீலத் தார்ப்பாய் ஒன்று குறுக்காகக் கட்டப்பட்டிருந்தது.

இத்தனை ஆண்டுகள் இதை ஏன் இப்படியே விட்டுவிட்டார்கள் என்று என் மகன் என்னிடம் தமிழில் மெதுவாகக் கேட்டான். எனக்கும் அந்தக் கேள்வி இருந்தது. மத்தியான வேளையில் பேத்தி அதற்குப் பதில் சொன்னாள். நவஹோக்களுக்கும் அண்டைப் பூர்வகுடிகளான ஹோப்பி மக்களுக்கும் இடையிலான நில வழக்கைக் காரணம் காட்டி, 1966ஆம் ஆண்டு அமெரிக்க அரசின் செவ்விந்தியர் விவகார ஆணையராக இருந்த ராபர்ட் பென்னட் அந்தப் பகுதியில் ஏறத்தாழ 15 லட்சம் ஏக்கர் நிலத்தில் எல்லாக் கட்டுமானத்துக்கும் தடை விதித்தார். புதிய வீடு கட்டுவது மட்டுமன்று, இருக்கிற வீட்டைப் பழுதுபார்ப்பதும் மின்கம்பியோ குடிநீர்க் குழாயோ கொண்டுவருவதும்கூட அனுமதியின்றி முடியாத காரியமாயிற்று. அந்தத் தடை சட்டப்படி முற்றிலும் நீங்கியது 2009இல். பாட்டி மணமாகி வந்த காலத்தில் தொடங்கிய தடை, அவர் பேரப்பிள்ளைகளைப் பார்த்த பிறகே முடிந்திருக்கிறது. அக்கறையின்மையால் வீணாகிய கூரை என்று ஒரு கணமேனும் நான் நினைத்ததற்காக அன்றிரவு ஜெபத்தில் மன்னிப்புக் கேட்டேன்.

என் கணவரும் மகனும் மற்ற இரண்டு குடும்பத்து ஆண்களும், பாட்டியின் மருமகன் சொல்லிக்கொடுத்தபடி, உளுத்த பலகைகளைப் பிரித்தெடுத்து, புதிய பிளைவுட் அடித்து, அதன்மேல் தார்த்தாள் விரித்து, ஷிங்கிள் ஓடுகளைக் கீழ்வரிசையிலிருந்து மேலே ஒன்றன்மேல் ஒன்று படியும்படி பதித்தார்கள். வேலையை நன்கு அறிந்தவர் அவர்தான். அவருக்கு இல்லாதிருந்தது பொருளும் கூட்டாளும் மட்டுமே. 'வீடு கட்டிக்கொடுக்கப் போகிறோம்' என்று சபையில் அறிவித்தது எவ்வளவு பிழை என்பது அந்த மனிதர் கூரைமேல் நடந்த நடையைப் பார்த்தபோதே புரிந்தது.

தண்ணீரைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. நவஹோ நாட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வீடுகளுக்குக் குழாய்த் தண்ணீர் இல்லை. பாட்டியின் வீட்டுக்கும் இல்லை. மருமகன் வாரம் இருமுறை பிக்கப் வண்டியில் பெரிய பிளாஸ்டிக் தொட்டியை ஏற்றிக்கொண்டு போய் நிரப்பி வருகிறார். அருகில் ஒரு கிணறு இருக்கிறது. ஆனால் மனிதர் குடிப்பதற்கு உகந்ததன்று. 1944 முதல் 1986 வரை அந்த மண்ணிலிருந்து ஏறத்தாழ 3 கோடி டன் யுரேனியத் தாதுவை வெட்டி எடுத்துக்கொண்டு, 500க்கும் மேற்பட்ட சுரங்கங்களை அப்படியே கைவிட்டுப் போனதால், பல கிணறுகளின் நீர் இன்றும் நம்பிக் குடிக்க முடியாததாக இருக்கிறது. 2020இல் கொரோனா பரவியபோது கைகளை அடிக்கடி கழுவுங்கள் என்று உலகமே சொல்லிக்கொண்டிருக்க, இந்த மக்கள் எந்தத் தண்ணீரில் கழுவியிருப்பார்கள் என்பதை நான் அந்த வீட்டில்தான் முதன்முறையாக நினைத்துப் பார்த்தேன்.

ஒரு நாள் சாப்பாட்டுக்கு முன் ஆறு பிள்ளைகளைப் பாட்டி வரிசையாக நிற்க வைத்து, ஒரே ஒரு சொம்புத் தண்ணீரில் அத்தனை பேர் கைகளையும் கழுவிவிட்டார். சோப்பு போட்டுத் தேய்க்கும்போது ஊற்றுவதை நிறுத்துவார். நுரை போகும் அளவுக்கு மட்டும் நூல்போல ஊற்றுவார். கீழே வைத்த பேசினில் விழுந்த நீரைக் கடைசியில் சோளச் செடிகளின் வேரடியில் கொண்டுபோய்ச் சாய்த்தார். சொம்பில் இன்னும் கொஞ்சம் மீதம் இருந்தது. என் மகள் அதை எட்டிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

தம்மை 'ஷிமா சானி' என்று அழைக்கும்படி பாட்டி பிள்ளைகளிடம் சொல்லியிருந்தார். தாய்வழிப் பாட்டி என்று பொருள். 'ஷிமா' என்றால் 'என் அம்மா'. அதில் நம் 'மா' இருக்கிறதே என்று என் மகள் மகிழ்ந்துபோனாள். அங்கே ஒருவர் தம்மை அறிமுகப்படுத்திக்கொள்ளும்போது முதலில் தாயின் குலத்தையும், பிறகு தந்தையின் குலத்தையும், அதன்பின் இரு தாத்தாக்களின் குலங்களையும் சொல்வது வழக்கம். ஊர், படிப்பு, வேலை என்று தொடங்கும் நம் அறிமுகம் அவர்கள் முன்னே எனக்கு வெறுமையாகத் தோன்றியது.

ஒரு கிறிஸ்தவளாக நான் அங்கே தலைகுனிந்த இடமும் உண்டு. 1864இல் இந்த மக்களை அமெரிக்கப் படை முந்நூறு மைலுக்கு மேல் நடத்திக் கொண்டுபோய் நியூ மெக்சிகோவில் அடைத்து வைத்ததும், 1868 ஒப்பந்தத்துக்குப் பிறகே அவர்கள் தம் மண்ணுக்குத் திரும்ப முடிந்ததும் அரசு செய்த கொடுமைகள். ஆனால் அதன்பின் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து, முடியை வெட்டி, தாய்மொழி பேசினால் தண்டித்த உறைவிடப் பள்ளிகளில் திருச்சபைகளுக்கும் பங்கு இருந்தது. தமிழில் புதிய ஏற்பாடு 1715இல் தரங்கம்பாடியில் அச்சாகிவிட்டது. நவஹோ மொழியில் அது வெளிவந்தது 1956இல், முழு வேதாகமம் 1985இல். நம் மொழியிலேயே ஜெபிக்கக் கற்ற நாம், மொழிக்காக அடிபட்ட பிள்ளைகளின் ஊருக்கு ஊழியம் என்று போகும்போது, பேசுவதைவிட அதிகமாகக் கேட்க வேண்டியவர்கள். புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில் பாட்டி தம் மொழியில் வெகுநேரம் ஜெபித்தார். மொழிபெயர்க்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

வேதாகமக் கதைகளை நாங்கள் சொன்ன பிறகு, உங்கள் கதை ஒன்று சொல்லுங்கள் என்று பிள்ளைகள் பாட்டியைக் கேட்டார்கள். அவர் தலையசைத்து மறுத்துவிட்டார். நரியைப் போன்ற அந்தக் காயோட்டியின் கதைகளைக் கோடையில் சொல்லக் கூடாது. உறைபனி விழுந்து, பாம்புகள் அடங்கிய பிறகே சொல்ல வேண்டும் என்றார்.

கடைசி நாள், அடுத்த ஆண்டு எந்த மாதம் வரலாம் என்று எங்கள் போதகர் கேட்டபோது, டிசம்பரில் வாருங்கள், முதியோர் வீடுகளுக்கு அடுப்பு விறகு பிளந்து அடுக்க ஆள் போதவில்லை என்று அங்குள்ள போதகர் பதில் சொன்னார். பனிக்காலத்தில் கோடாரி வேலைக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று எங்கள் சபையில் கொஞ்சம் தயக்கம் இருந்தது. இதுவரை நான்கு குடும்பங்கள் பெயர் கொடுத்திருக்கின்றன. என் மகள் நாட்காட்டியில் டிசம்பர் மாதத்தைத் திருப்பி, 'ஷிமா சானி கதை' என்று எழுதி வைத்திருக்கிறாள்.