ஆனைமலைச் சாளையில் நாலு வருஷத்து ஒயின்

அமாவாசையன்று பொள்ளாச்சிப் பக்கம் போகாதீர்கள். மாசாணியம்மனைக் கும்பிடப் போகிறவர்கள் என்றால் அது வேறு விஷயம். நான் போனது ஆனைமலையில் நண்பன் வீட்டுச் சாளைக்கு, அதாவது தோட்டத்து வீட்டுக்கு, ஒயின் குடிக்க. உக்கடத்தில் பஸ் ஏறியது முதல் பொள்ளாச்சி வரை நாற்பது கிலோமீட்டரும் ஒற்றைக் காலில் நின்றேன். இன்னொரு காலை வைக்க இடமில்லை. கையில் ஒரு அட்டைப்பெட்டி. அதில் கோயம்புத்தூரில் வாங்கிய ஆறு ஒயின் கிளாஸ், தினசரித் தாளில் சுற்றியது. கிணத்துக்கடவு தாண்டி ஒரு பிரேக். பெட்டிக்குள் ‘கிளிங்’ என்று ஒரு சத்தம். ஆறு ஐந்தானது.

பொள்ளாச்சியில் இறங்கினால் ஆட்டோக்காரர் எழுநூறு ரூபாய் கேட்டார். ஆனைமலை பதினைந்து கிலோமீட்டர்கூட இருக்காது. "அமாவாசைங், வண்டியே கிடைக்காதுங்" என்றார். எவ்வளவு மரியாதையாகக் கொள்ளையடிக்கிறார்கள் இந்த ஊரில்! அறுநூற்றைம்பதுக்குப் படிந்தது. ஏற்கெனவே ஒயினுக்கு என் பங்காக இரண்டாயிரத்து ஐந்நூறு கொடுத்தாயிற்று. பர்ஸைத் திறக்கவே பயமாக இருந்தது.

சரி, ஒயின் எங்கிருந்து வந்தது? நண்பனின் அக்காவும் மாமாவும் பிரான்ஸில் போர்டோவில் இருக்கிறார்கள். விமானத்தில் வரும்போது ஆளுக்கு இரண்டு லிட்டர் வரை வரியில்லாமல் கொண்டுவரலாம். ஆளுக்கு இரண்டு பாட்டிலாக நாலு கொண்டுவந்திருந்தார்கள். நாலும் அங்கேயே மெடோக் பகுதியின் ஒரே தோட்டத்து ரெட் ஒயின். வருஷம் மட்டும் வேறு: 2010, 2013, 2016, 2018. ஒரே மண், ஒரே கொடி, வருஷத்து வெயிலும் மழையும் மட்டும் என்ன செய்கிறது என்று பார்ப்பதுதான் திட்டம்.

திட்டத்துக்கு முதல் தடை நண்பனின் அப்பத்தா. "இன்னைக்கு அமாவாசை. கவிச்சியும் ஆகாது, அந்தக் கருமமும் ஆகாது சாமி. நாளைக்கு என்னமோ பண்ணிக்குங்க." அதனால் அன்று ராத்திரி அரிசியும் பருப்பும். துவரம்பருப்பும் அரிசியும் சின்ன வெங்காயமும் பூண்டும் சேர்ந்து குழைந்த சாதம், மேலே உருக்கின நெய், பக்கத்தில் கெட்டித் தயிர். மூன்று முறை போட்டுக்கொண்டேன். இந்தப் பயணத்தில் நூற்றுக்கு நூறு வாங்கியது இது ஒன்றுதான், இப்போதே சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் பதினோரு மணிக்குச் சாளைத் திண்ணையில் உட்கார்ந்தோம். சுற்றிலும் தென்னை இருந்தும் வியர்வை கொட்டியது. ரெட் ஒயினை அறை வெப்பத்தில் குடிக்க வேண்டும் என்பார்கள். அது ஐரோப்பாவின் பழைய கல்வீட்டு அறை, பதினாறு பதினெட்டு டிகிரி. நம் திண்ணையில் வைத்தால் கஷாயம்தான். ஃபிரிட்ஜில் அப்பத்தாவின் மாவுப் பாத்திரங்களுக்கு நடுவே ஒரு பாட்டிலுக்குத்தான் இடம். மற்ற மூன்றையும் ஈர வேட்டியில் சுற்றி, கிணற்றடிக் காற்றில் நிறுத்திவைத்தான் நண்பன். ஓரளவு தணிந்தது.

முதலில் 2018. அந்த வருஷம் போர்டோவில் கோடை நல்ல சூடு. பழம் சர்க்கரையாகப் பழுத்ததால் ஆல்கஹால் 14 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. நாவல்பழச் சாறுபோல் கறுப்பு, வாயில் வைத்ததும் நெஞ்சு வரை சூடு. எனக்குப் பிடிக்கவில்லை. மாமா 92 போட்டார். ஒயின் மார்க் ஐம்பதில்தான் ஆரம்பிக்குமாம். சும்மா பாட்டிலில் இருப்பதற்கே ஐம்பது! நம் பள்ளிக்கூடக் கணக்கில், முப்பத்தைந்து எடுத்தால் பாஸ் என்று வைத்து, 48 போட்டேன்.

அடுத்து எல்லோரும் காத்திருந்த 2016. போர்டோவுக்கு அருமையான வருஷம் என்று பேர் வாங்கியது, நாலில் விலை கூடியதும் அதுதான். மாமா மூக்கை வைத்தார், முகம் மாறியது. எனக்கும் பழ வாசனையே வரவில்லை. அந்தப் பக்கம் போன அப்பத்தா கிளாஸை வாங்கி மோந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "கொப்பரைக் களத்துல மழையில நனைஞ்ச சாக்கு." சரியாக அதேதான். கார்க்கில் சில பூஞ்சைகளால் உண்டாகும் டிசிஏ என்ற ரசாயனம். லிட்டருக்கு நானோகிராம் கணக்கில் இருந்தாலே போதும், ஒயின் இப்படி நாறும். உடம்புக்கு ஒன்றும் ஆகாது, குடிக்கத்தான் முடியாது. என் அறுநூற்றுச் சொச்சம் ரூபாய் தென்னை மர வேருக்குப் போயிற்று.

2010இன் கார்க் பாதியில் முறிந்து உள்ளே விழுந்தது. டீ வடிகட்டியில் வடித்தோம். கடைசியில் புளிக்கரைசலின் அடிபோல் வண்டல் நின்றது, வயதான ஒயினுக்கு அது இயல்பு. கிளாஸைச் சாய்த்துப் பார்த்தால் ஓரத்தில் செங்கல் நிறம். துவர்ப்பு இன்னும் அடங்கவில்லை, ஆனால் விழுங்கிய பிறகும் புகையிலை வாசனை மாதிரி ஒன்று வெகுநேரம் வாயில் நின்றது. 85. தனியாகக் குடித்தால் இதுதான் ராஜா.

ஆனால் அதற்குள் பள்ளிபாளையம் சிக்கன் வந்துவிட்டதே! கிள்ளிப் போட்ட வரமிளகாய், சின்ன வெங்காயம், தேங்காய்ப் பல், செக்கு நல்லெண்ணெய். ஒரு வாய் சிக்கன், ஒரு வாய் 2010. நாக்கு பற்றி எரிந்தது. ஆல்கஹாலும் துவர்ப்பும் மிளகாய்க் காரத்தை ஏற்றிவிடும் என்று படித்திருக்கிறேன், அன்றுதான் நாக்கில் தெரிந்தது. 2018 இன்னும் மோசம்.

கடைசியாகத்தான் யாரும் சீண்டாமல் ஃபிரிட்ஜில் கிடந்த 2013ஐத் திறந்தோம். அந்த வருஷம் போர்டோவில் குளிர்ந்த, ஈரமான வசந்தம். பூ சரியாகப் பிடிக்காமல் விளைச்சல் குறைந்தது, அறுவடை நேரத்து மழையில் பழம் அழுகியது. மாமா பாதி விலைக்கு வாங்கினாராம், வரிசைக்கு ஒன்று இருக்கட்டும் என்று. ஆல்கஹால் பன்னிரண்டரை சதவீதம்தான். ரோஸ்மில்க்கில் தண்ணீர் ஊற்றிய நிறம். தனியாகக் குடித்தால் சப்பென்று, லேசாகப் புளித்தது. சிக்கனோடு குடித்தபோதோ, அந்தப் புளிப்பு எண்ணெயை வழித்துக்கொண்டு போனது, காரம் ஏறவே இல்லை. பேச்சில்லாமல் அரைமணி நேரத்தில் பாட்டில் காலி. ஊர் உலகம் கழித்துக்கட்டிய வருஷத்துக்கு நான் 90 போட்டேன். மாமா கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை, 81தான் என்றார். ஆனால் மூன்றாவது கிளாஸ் ஊற்றிக்கொண்டதும் அவர்தான்.

செலவுக் கணக்கு? பஸ், ஆட்டோ, கிளாஸ், என் பங்கு எல்லாம் சேர்த்து நாலாயிரத்தைத் தாண்டிவிட்டது, அதற்கு மேல் கணக்குப் பார்க்க மனசில்லை. திரும்பும்போது பால் வண்டியில் ஓசியில் பொள்ளாச்சி வந்தேன்.

கிளம்பும்போது அப்பத்தா காலி பாட்டில்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். "பாட்டில் நல்ல கனமா இருக்குது சாமி. நல்லெண்ணெய் ஊத்தி வெக்க ஆகும்" என்றார். 2016 பாட்டிலை மட்டும் தனியாக எடுத்து இரண்டாவது முறை சோப்புப் போட்டார்.